ஒன்பதாவது வரிசை விளக்கு

அன்று மதியம் ஒன்றரை மணிக்கு அவர் கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடிச் சன்னலைத் தட்டி, சாப்பாட்டு டப்பாவை நீட்டினார். மூடியைத் திறந்து பார்த்தேன். பாகற்காய் மட்டும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. நான் முறைத்ததும், "மோரு நல்லா இருந்துச்சு" என்றார். பாகற்காயைப் பற்றிக் கேட்டால் மோரைப் பற்றிப் பதில் சொல்வது அவர் வழக்கம். சாயங்காலம் கிள்ளானுக்குப் போய்த் தையல்காரரிடமிருந்து என் இரண்டு ரவிக்கைகளை வாங்கி வர வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். அஞ்சே காலுக்குக் காரிடம் வந்து நிற்கச் சொன்னார். லேட்டானால் நெரிசலில் மாட்டிக்கொள்வோம், அப்புறம் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். பிறகு கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். துண்டு ஏற்கெனவே நனைந்திருந்தது. அது என் கண்ணில் பட்டது. ஆனால் சித்திரை வெயிலில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே எல்லோருடைய துண்டும் நனைந்துதான் இருந்தது.

என் கணவர் பெயர் கார்த்திகேசு. கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் உள்ள அந்தக் கிடங்கில் இருபத்தேழு வருடம் ரீச் டிரக் ஓட்டினார். பத்து மீட்டர் உயரத்து ரேக்கிலிருந்து சரக்கு அடுக்கிய ஒரு டன் பேலட்டை, தூங்கும் குழந்தையைக் கட்டிலில் போடுவதுபோல இறக்கி வைப்பார். நான் அதே கிடங்கில் பதினோரு வருடமாகச் சரக்கு எழுத்தர். இரண்டு வருடத்துக்கு முன்பு என்னை மாடியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். அந்த வருடம்தான் டிஜிட்டல் ட்வின் வந்தது.

கிடங்கை அப்படியே கணினிக்குள் இன்னொன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வரிசை ரேக்குகளும், தூண்களும், வாசலில் நிற்கும் லோரிகளும் திரையில் இருந்தன. ஒவ்வொரு தூணின் தலையிலும் தேங்காய் மூடி அளவுக்குக் கறுப்பாக ஒரு கண்ணைப் பொருத்தினார்கள். அது கீழே பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் ஹெல்மெட்டின் உச்சியில் ஒட்டிய எண்ணைப் படிக்கும். மனிதர்கள் திரையில் பச்சைப் புள்ளிகளாக நகர்வார்கள். அவர் பதினான்கு. முதல் நாள் விளக்கக் கூட்டத்தில் ட்வின் என்றால் இரட்டைப் பிள்ளை என்று சொன்னபோது, இவரோடு வண்டி ஓட்டும் ஜீவன் கையைத் தூக்கி, ரெண்டுல எது மூத்தது என்று கேட்டான். கட்டடம்தான் முதலில் பிறந்தது, அதனால் கணினியில் இருப்பது தம்பி என்று அவனே முடிவு செய்தான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அது தம்பிதான். நேப்பாளத்துப் பையன்கள்கூட "தம்பி பாக்குது, தம்பி பாக்குது" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

தம்பியால் நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் லோரிகள் இன்ஜினை அணைக்காமல் இரண்டு மணி நேரம் வாசலில் புகை கக்கிக்கொண்டு நிற்கும். அது நின்றது. எந்தச் சரக்கை எங்கே வைத்தால் வண்டி குறைவாக ஓடும் என்று தம்பி முதலில் தனக்குள்ளேயே வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வான். ஆள் இல்லாத வரிசையில் விளக்கை அணைப்பான், சற்றுப் பொறுத்து மின்விசிறியையும் நிறுத்துவான். மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று வரவேற்பறையில் பச்சை நிறச் சான்றிதழ் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

ஆனால் யாராவது மூன்று நிமிடம் சும்மா நின்றால் அவருடைய புள்ளி மஞ்சளாகிவிடும். பார்வையை விட்டுப் போய்ப் பத்து நிமிடம் ஆகியும் திரும்பாவிட்டாலும் மஞ்சள். மஞ்சள் வந்தால் என் திரையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் கழிவறை, தண்ணீர், தொழுகை, வண்டிப் பழுது, மற்றவை என்று ஐந்து காரணங்கள் இருக்கும். ஒன்றைத் தொட்டால் பெட்டி மூடிக்கொள்ளும். அதுதான் என் வேலை.

ஒரு பேலட்டை எடுத்து வைக்க எத்தனை விநாடி ஆக வேண்டும் என்று தம்பிக்குக் கற்றுக்கொடுத்தது என் கணவர்தான். ட்வினை அமைக்க வந்த பொறியாளர் ஐங்கரன், பிரிக்பீல்ட்ஸில் இருந்து தினமும் வரும் முப்பது வயதுப் பிள்ளை. இருப்பவர்களில் சிறந்த ஓட்டுநர் யார் என்று கேட்டான். எல்லோரும் இவரைக் காட்டினார்கள். மூன்று வாரம் இவர் ஓட்டுவதை அளந்துகொண்டே இருந்தான். அந்த மூன்று வாரமும் இவர் சட்டையை இஸ்திரி போட்டுப் போனார். வீட்டில்கூட நடையில் ஒரு விறைப்பு இருந்தது. பிறகு அந்த வேகமே எல்லோருக்கும் கணக்கானது. ஐம்பத்து நாலு வயதில், இரத்த அழுத்த மாத்திரையோடு, அவர் தன் நல்ல நாள்களைத் தினமும் துரத்திக்கொண்டு ஓடினார். ஒருநாள் படுக்கையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "என்னய என்கூடயே ஓட விட்டுட்டானுங்க புஷ்பம்" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

போன வருட ஆயுத பூசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிடங்கில் ஆயுத பூசையன்று மதியத்துக்கு மேல் வண்டிகள் ஓடாது. மேலாளர் கமலநாதன் எதில் கறாராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுப்பார். போர்க்லிப்ட், ரீச் டிரக், எடை மேடை, பட்டைக்குறி படிக்கும் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. முந்தைய வருடம் வைத்த சந்தனம் இரண்டே நாளில் உதிர்ந்து தரையெல்லாம் தூளானது என்று துப்புரவுக்காரர்கள் முணுமுணுத்ததால், அந்த வருடம் மைதாவைக் கொஞ்சம் காய்ச்சிச் சந்தனத்தோடு சேர்த்துக் குழைத்துக் கொண்டுபோனேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒன்பதாவது வரிசையின் கடைசியில், அவசரக் கதவுக்குப் பக்கத்தில்தான் படம் வைத்துப் பூசை போட்டோம். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடிந்ததும் அவர் மேலே பார்த்தார்.

"தம்பிய விட்டுட்டியே. அவனும் இங்கதான வேல செய்யிறான். கோச்சுக்கப் போறான்."

ஆளை ஏற்றும் கூண்டை வண்டியில் மாட்டி, என்னை அதில் நிற்கவைத்து, மெல்ல மேலே தூக்கினார். அவ்வளவு உயரத்தில் நான் நின்றதே இல்லை. கீழே அவர் முகம் சின்னதாக, அண்ணாந்து, வாயைத் திறந்துகொண்டு இருந்தது. "அண்ணே, அக்காவ அங்கயே வச்சிட்டு வாங்க, நிம்மதியா சாப்புடலாம்" என்று ஜீவன் கத்தினான். எங்களோடு வேலை செய்யும் புனிதா அவன் முதுகில் அடித்தாள். கறுப்புக் கண்ணுக்கு நெற்றி எது என்று எனக்குத் தெரியவில்லை. வழவழவென்று இருந்த கண்ணாடியிலேயே, கதவுப் பக்கம் பார்த்திருந்த பாதியில், மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து நடுவில் குங்குமம் வைத்தேன். மற்றக் கண்களுக்கும் வைக்கலாம் என்று இருந்தபோது வாழையிலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். அதோடு இறங்கிவிட்டேன்.

மறுநாள் முதல் திரையில் ஒன்று கவனித்தேன். ஒன்பதாவது வரிசைக்குள் போகும் புள்ளி, தரையில் பன்னிரண்டு என்று எழுதியிருக்கும் இடம் வரை தெரியும். அதைத் தாண்டினால் மறைந்துவிடும். கண் கெட்டுப்போயிருந்தால் தம்பி உடனே சொல்லியிருப்பான். அது கெடவில்லை. பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மீதிப் பாதியில் ஆளில்லாத வரிசையை மட்டும் கண்டது. பன்னிரண்டைத் தாண்டியவர்களை அவசரக் கதவு வழியாக வெளியே போனவர்களாக எடுத்துக்கொண்டது. கதவு திறந்தால் அடிக்கும் மணி எப்போதோ பழுதாகியிருந்ததால், அது அடிக்காததை வைத்துத் தம்பி சந்தேகப்படவில்லை. எனக்கு விஷயம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. வீட்டில் அவரிடம் சொல்லி, துடைத்துவிடலாம் என்றேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இருக்கட்டும் விடு. ஒரு எடமாச்சும் வேணும்" என்றார்.

அந்த மூலையில் அதிகம் நகராத சரக்குதான் இருந்தது. பழைய குடைகள், வடிகட்டி உதிரிகள். யாரோ ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கடிகாரம் கட்டாயம் வேண்டும். போன இரண்டு நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். ஆனால் வரிசையில் தேங்கிய சூட்டை வெளியேற்ற மின்விசிறி இன்னும் பதினைந்து நிமிடம் ஓடும். இருட்டும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் அந்தக் கிடங்கில் வேறு இல்லை. அதுவரை ஆறு மாதத்தில் ஒருவர்கூடப் பதினோராவது நிமிடம் வரை அங்கே இருந்ததில்லை. பதினான்காம் எண் மறைவதும் திரும்ப வருவதும் எனக்கு மாடியில் இருந்து அவரைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. அவர் மறைந்ததும் நான் என் தண்ணீர்ப் போத்தலைத் திறப்பேன். வந்ததும் மூடுவேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். எங்கள் முறையைப் பார்த்துத் தங்கள் கிடங்குகளிலும் வைக்கலாமா என்று யோசிக்கும் ஒரு கம்பெனியிலிருந்து ஐந்து பேர். கமலநாதன் கோட்டு போட்டிருந்தார். ஐங்கரன் பெரிய திரையில் எல்லாவற்றையும் விளக்கினான். நான் சின்னத் திரையில் அவன் சொல்வதை இயக்கினேன். இரண்டு மணி எட்டு நிமிடத்துக்குப் பதினான்காம் எண் ஒன்பதாவது வரிசையில் பன்னிரண்டைத் தாண்டி மறைந்தது. பார்த்தேன். போத்தலைத் திறக்க முடியவில்லை, விருந்தாளிகள் பக்கத்தில் நின்றார்கள்.

ஆளில்லாத வரிசையில் மின்சாரம் எப்படி மிச்சமாகிறது என்று ஒருவர் கேட்டார். ஐங்கரன் திரையைத் துழாவி ஒன்பதாவது வரிசையைப் பெரிதாக்கினான். இதோ, இங்கே இப்போது யாருமே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லி வைத்ததுபோல விளக்குகள் வெள்ளையிலிருந்து சாம்பல் நிறமாயின. ஓர் அம்மாள் ரசித்துத் தலையாட்டினார். மின்விசிறியையும் காட்டச் சொன்னார் கமலநாதன். அது தானாக நிற்கப் பதினைந்து நிமிடம் ஆகும்.

ஐங்கரன் என் பக்கம் குனிந்து, "அக்கா, ஒம்பதாவது லேன் பேன நீங்களே நிறுத்திக் காட்டுங்க லா" என்றான்.

நிறுத்தினேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். உள்ளே ஓர் ஆள் இருக்கிறார், அது என் கணவர் என்று அந்த அறையில் இருந்த ஏழு பேரிடமும் சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். அப்படிச் சொன்னால் அந்த இடம் போய்விடும் என்றுதான் அந்த விநாடியில் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. பிறகு அவர்கள் லோரிகளைப் பற்றிக் கேட்டார்கள். திரை வாசல் பக்கம் திரும்பியது. மின்விசிறியைத் திரும்பப் போட வேண்டும் என்பது எனக்கு நினைவில் இல்லை.

இரண்டு பதினெட்டுக்கு மஞ்சள் பெட்டி திறந்தது. கழிவறை என்று தொட்டு மூடினேன். தூங்கிவிட்டார் போலிருக்கிறது, சாயங்காலம் காரில் வைத்துத் திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு இருபத்தெட்டுக்கு மறுபடியும் திறந்தது. தண்ணீர். இரண்டு முப்பத்தெட்டுக்கு மூன்றாவது தடவை. கமலநாதன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். வண்டிப் பழுது என்று தொட்டேன். கை வியர்த்திருந்ததால் முதல் தடவை திரை அதை வாங்கவில்லை. இரண்டாவது தடவை அழுத்திய பிறகுதான் வாங்கிக்கொண்டது.

விருந்தாளிகள் கிளம்பியதும் ஜீவனைக் கைப்பேசியில் அழைத்து, அண்ணனை எழுப்பிவிடச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். இணைப்பைத் துண்டிக்காமலே போனான் போல. அவன் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு "அண்ணே" என்று ஒரு தடவை. பிறகு எதுவும் கேட்கவில்லை. வெகு நேரம் கழித்து, "அக்கா, கீழ வாங்க" என்றான்.

நான் போகும்போது அவரை அவசரக் கதவுக்கு வெளியே, கூரை நிழலில் கிடத்தியிருந்தார்கள். நாலு பேர் தூக்கி வந்திருந்தார்கள். காற்றுப் படட்டும் என்றுதான் தூக்கினார்கள். காலணியின் கயிற்றை யாரோ அவிழ்த்து விட்டிருந்தார்கள். ஹெல்மெட் பக்கத்தில் இருந்தது, எண் மேலே தெரியும்படி. சட்டை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் இருதயம் என்றார்கள். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அப்படித் துல்லியமாகச் சொல்ல முடியாது அம்மா என்றார் டாக்டர். நான் கேட்டதை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார், என் தோளைத் தொட்டார்.

எங்கே கண்டீர்கள் என்று கமலநாதன் கேட்டபோது ஜீவன், கதவுக்கு வெளியே என்று சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மறுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன். வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்ததற்கு எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். தினமும் காலையில் திரையைத் திறந்தால் ஒன்பதாவது வரிசை இருக்கும். புள்ளிகள் உள்ளே போகும், மறையும், வரும். ஒவ்வொன்றும் வரும்வரை நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். ஏழு நிமிடத்திலேயே வாக்கி-டாக்கியில் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இரண்டொரு நாளில், நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிடப் பழகிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் அறிக்கை வந்தது. கமலநாதன் தன் அறையில் என்னை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, அதைப் படித்துக் காட்டினார். பணியாளர் எண் பதினான்கு, இரண்டு மணி எட்டு நிமிடத்துக்கு எவரிடமும் தெரிவிக்காமல் அவசரக் கதவு வழியாகப் பணியிடத்தை விட்டு வெளியேறினார் என்று அதில் இருந்தது. கட்டுப்பாட்டு அறை ஊழியரான அவருடைய மனைவி, அதை மறைக்க மூன்று முறை பொய்யான காரணம் பதிந்தார் என்றும் இருந்தது. படித்த விவரங்களை ஒத்துக்கொள்கிறேன் என்று கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது.

"அக்கா, ஒங்க மேல ஆக்சன் எடுக்க வேணாம்னு நாந்தான் மேலிடத்துல பேசியிருக்கேன்" என்றார். அவர் நல்ல மனிதர். உண்மையிலேயே பேசியிருப்பார். "திங்கக்கெழம சைன் போட்டுக் குடுத்திருங்க. அதோட முடிஞ்சிரும்."

இருபத்தேழு வருடத்தில் என் கணவர் ஒருநாள்கூடச் சொல்லாமல் வேலையை விட்டு வெளியே போனதில்லை. எங்கள் மகள் சீதாலெட்சுமி பிறந்த அன்றுகூட, கையில் எடுத்த பேலட்டை வைத்துவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவள் அந்த அறிக்கையைப் படிப்பாள். எல்லாக் கிளைகளுக்கும் ஒரு பாடமாக அனுப்பப் போகிறார்கள். தன் வண்டியிலிருந்து பத்தடி தூரத்தில், கட்டடத்துக்குள்ளே, வேலை நேரத்தில் செத்துப்போன மனிதரை அது வெளியே அனுப்பிவிட்டது. அவரை உள்ளே கொண்டுவர வேண்டுமென்றால் நான் கூண்டில் ஏறிய நாளிலிருந்து சொல்ல வேண்டும். மின்விசிறியை நிறுத்திய விரல் வரைக்கும் சொல்ல வேண்டும்.

ஜீவனை மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பிடித்துக் கேட்டேன். அவன் ஹெல்மெட்டின் வாரைப் போட்டுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க சொல்லித்தான் ஆகணும்னா சொல்லுங்கக்கா. நான் தடுக்க மாட்டேன். அண்ணன தூக்குனது நாலு பேரு. அதுல ரெண்டு பேரு நேப்பாள்காரனுங்க. எடத்த மாத்திச் சொன்னீங்களேன்னு பெர்மிட்ட ரத்து பண்ணி அனுப்பிருவானுங்க. எனக்கென்ன, நான் காப்பார்ல எங்கயாவது லோரி ஓட்டிக்குவேன்."

"இன்னமும் அங்க போய் ஒக்காருறீங்கல்ல?"

"போறோம்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "வேற எங்கக்கா போறது?"

சனிக்கிழமை அரைநாள். பன்னிரண்டு மணிவாக்கில் ஐங்கரன் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனும் மெலிந்திருந்தான். என் திரையில் பழைய பதிவுகளை ஓடவிட்டான். அந்த நாள் இல்லை, வேறு நாள்கள். மார்ச், பிப்ரவரி, டிசம்பர். புள்ளிகள் பன்னிரண்டைத் தாண்டி மறைந்துகொண்டே இருந்தன.

"எல்லாருமே ஒரே எடத்துல காணாம போறாங்க. அக்டோபர்ல இருந்து" என்றான். "கதவுக்கு வெளிய சிகரெட் புடிக்கிறாங்கன்னு நெனச்சு கண்டுக்காம விட்டேன். மனுசங்கதான, கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டுமேன்னு."

நான் திரையில் மறையும் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கி பேன நிறுத்தச் சொன்னது நான்." மேசையின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தான். "அவரு உள்ளாரவா இருந்தாரு?"

அவன் கண்ணைப் பார்த்தேன். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவன். ஆமாம் என்றால் அந்த வார்த்தையை அவன் எங்கே கொண்டுபோய் வைப்பான் என்று தோன்றியது. இல்லை என்றால் என் கணவர் மறுபடியும் வெளியே போய்விடுவார். தூணின் தலையில் இருக்கும் கண்ணைத் துடைத்தால் பதிவாகுமா என்று மட்டும் கேட்டேன். ஏறித் தொட்டாலே தம்பி எழுதிவிடுவான், ஏன் தொட்டேன் என்று தானும் எழுத வேண்டியிருக்கும் என்றான். அவனும் இப்போது தம்பி என்றுதான் சொல்கிறான்.

"தொடாம விட்டா?"

"இப்புடியே இருக்கும் அக்கா. யாருக்கும் தெரியாது." எழுந்து நின்றான். "திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு கூண்டு கேட்டிருக்கேன். வேணாம்னா ஒரு மெசேஜ் போடுங்க. கேன்சல் பண்ணிர்றேன். நீங்க சொல்றதுதான்."

நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனான்.

ஒரு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். கடைசி லோரியும் போனது. தையல்காரர் அன்று காலையில் கூப்பிட்டிருந்தார். ரவிக்கைகள் ரெண்டு மாதமாக அவரிடமே இருக்கின்றன. அறிக்கை என் கைப்பையில் மடிக்காமல் இருந்தது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கி ஒன்பதாவது வரிசைக்குப் போனேன். அன்றைக்குப் பிறகு நான் அங்கே காலால் நடந்து போனது அதுதான் முதல் தடவை.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. ஒவ்வோர் அடிக்கும் அடுத்த விளக்கு, அதற்கு அடுத்தது என்று எனக்கு முன்னால் எரிந்துகொண்டே போயின. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. நல்ல காற்று. தரையில் எட்டு, ஒன்பது, பத்து என்று மஞ்சள் எண்களைப் பார்த்தபடி நடந்தேன். பன்னிரண்டில் வெளிச்சம் நின்றது. அதைத் தாண்டினேன். அட்டை விரிப்பு அங்கேயே இருந்தது, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து நசுங்கி. பக்கத்தில் பாதித் தண்ணீரோடு ஒரு போத்தல். சுவரில் முதுகு சாயும் இடத்தில் சுண்ணாம்பு மங்கி, தோள் உயரத்துக்கு எண்ணெய்க் கறை. அது எத்தனையோ பேருடைய தோள்.

அட்டையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இங்கே வந்து உட்கார்ந்தபோது இது ஓடியிருக்கும், பிறகு நின்றிருக்கும், நின்றதை அவர் நிமிர்ந்து பார்த்திருப்பாரா என்று நினைத்தேன். ஐங்கரனுக்கு அனுப்ப வேண்டிய செய்திக்காகக் கைப்பேசியை எடுத்தேன். ஒரு வார்த்தையும் அடிக்கவில்லை. அதன் விளக்கைப் போட்டு மேலே காட்டினேன்.

தூணின் தலையில் சந்தனம் அப்படியே இருந்தது. குறுக்கே ஒரு விரிசல் விட்டிருந்தது, உதிரவில்லை. மூன்று விரலின் தடமும் தெரிந்தது. நடுவில் குங்குமம் கறுத்திருந்தது.

பதினைந்து நிமிடம் ஆகி மின்விசிறி நின்றது. சூடு மெதுவாக இறங்கத் தொடங்கியது. நான் எழுந்து நின்று, அந்தக் கண்ணுக்கு நேராக, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

விளக்கு எரியவில்லை.